மடுவில் மிஞ்சிய விரால்

புளியங்கூடல் ஆழ்வாப்பிள்ளைக்கு வயலும் தோட்டமும் இருந்தன. அதோடு நின்றிருந்தால் ஊர் அவரைப் பற்றிக் கதைத்திருக்காது. அவர் குளத்தில் மீன் பிடித்தார். சுற்றிவரக் கடல் கிடக்கிற தீவில் குளத்து மீனுக்குப் போகிறவன் ஊருக்கு ஒரு பகிடி. "சேத்து மணம் பிடிச்ச மனுசன்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். பிள்ளை பெற்றவளுக்கு விரால் நல்லதென்று வைத்தியம் பார்க்கிற பரியாரி சொன்னால், அதே ஆட்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள கோடிப்பக்கத்துப் படலையால் வந்து நிற்பார்கள்.

ஐப்பசி மழையில் வெள்ளம் குளத்துக்குள் இறங்கும்போது மீன் அதை எதிர்த்து வயலுக்கு ஏறும். அப்போது வாய்க்காலில் பறி வைப்பார். மாசியில் தண்ணீர் தெளிந்ததும் தேரை குத்திய தூண்டில். ஆடியில் குளம் முழங்காலளவுக்கு வற்ற, ஊரே இறங்கிக் கலக்கும். அடியில்லாத கூடையான கரப்பைச் சேற்றில் குத்தி, மேல்வாயால் கைவிட்டுத் துழாவுவார்கள். அதற்கு முன்னரே ஆழ்வாப்பிள்ளை குளத்தின் நடுவில் ஆழமாகக் கிடக்கும் மடுவை விடத்தல் முள்ளாலும் பனங்கருக்குமட்டையாலும் மூடிவிடுவார். அடுத்த மாரிக்கு இனம் பெருக வேண்டிய மீன் அதற்குள்தான் கிடக்கும். மார்கழியில் விரால் குஞ்சுகள் சிவப்பாகத் திரண்டு மிதக்கும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்த நாட்களில் அவர் தூண்டிலைத் தொடுவதில்லை.

எழுபதாம் ஆண்டளவில், தாயில்லாமல் வளர்ந்த ஒரே மகள் சிவயோகத்துக்கு நயினாதீவில் சம்பந்தம் பொருந்தியது. மீனோ மச்சமோ குசினி வாசலையும் மிதிக்காத சைவ வீடு. மாப்பிள்ளையின் தாய் பர்வதவர்த்தினி சீதனத்தைப் பற்றிக்கூட அதிகம் கதைக்கவில்லை.

"குறை நினையாதேங்கோ அண்ணை. எங்கட சனம் ஒரு மாதிரி. அந்தக் கரப்பையும் தூண்டிலையும் விட்டிடுங்கோ."

"விட்டாச்சு" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

கதவுக்குப் பின்னால் மகள் ஆறுதலாக மூச்சுவிட்டது அவருக்குக் கேட்டது. ஊர் சொன்னதெல்லாம் ஒரு நாளும் அவரைத் தொட்டதில்லை. இது தொட்டது.

அந்த ஆடியில் மடு மூடப்படவில்லை. மூடுவது பிடிப்பதாகாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் குளக்கட்டுப் பக்கமே போகாமல் இருந்தார். கொடுத்த வாக்கை அளவுக்கு மிஞ்சிக் காப்பதிலும் ஒரு கோபம் இருக்கிறது. பக்கத்துவீட்டுப் பரமலிங்கம் விரால் நிறைந்த ஓலைக் கடகத்தோடு படலையில் நின்று சிரித்தான்.

"மடுவுக்குள்ள இவ்வளவு கிடந்ததே அண்ணை! வருசா வருசம் ஆருக்கு ஒளிச்சு வைச்சனீங்கள்?"

அடுத்த ஆடியில் கரப்புகளுக்குள் கெளிறும் பொடிமீனும்தான் துடித்தன.

கல்யாணமாகி நயினாதீவுக்குப் போயிருந்த சிவயோகம் அந்த மார்கழியில் ஆண் பிள்ளை பெற்றாள். இரத்தம் நிறையப் போய், எழும்ப ஏலாமல் படுத்துவிட்டாள். மருமகன் வாமதேவன் ஓடிவந்தான்.

"மாமா, விரால் ரசம் குடுக்கட்டாம், இல்லாட்டில் தேறமாட்டாவாம். பரியாரியார் சொல்லிப்போட்டார். அம்மாவும் ஓமெண்டிட்டா. நீங்கள்தான் கோடிக்குள்ள வைச்சுக் காய்ச்சோணுமாம்."

"வேற ஆரிட்டையும் வாங்கேலாதோ?"

"உங்களை விட்டால் ஆர் மாமா பிடிக்கிறது?"

குளம் தளும்பிக் கிடந்தது. விடிந்ததிலிருந்து கரையைச் சுற்றினார். மத்தியானமளவில், ஆம்பல் இலைகளுக்கு நடுவே ஒரேயொரு குஞ்சுத் திரளைக் கண்டார். வேறு விரால் இருந்த அடையாளமில்லை. தேரையை அந்தச் சிவப்புக்குள் இறக்கினார். விரால் பசியில் வரவில்லை. தேரையைக் குஞ்சுகளிடமிருந்து துரத்த வந்து தூண்டிலில் அகப்பட்டது.

"என்ர பிள்ளைக்கு" என்றார் வாய்விட்டு. யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

குறிகாட்டுவான் துறையில் விரால் கிடந்த பானையோடு நயினாதீவு வள்ளம் ஏறினபோது, "என்ன அண்ணை, அம்மாளுக்கு விராலோ நேர்த்தி?" என்று வள்ளக்காரன் கேட்டான். நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகிற சனம் சிரித்தது.

சம்பந்தி வீட்டுக் கோடியில் மூன்று கல் வைத்து, புதுச் சட்டியில் மிளகும் உள்ளியும் சீரகமும் போட்டுக் காய்ச்சினார். பர்வதவர்த்தினி சேலைத் தலைப்பால் மூக்கை மூடியபடி தூர நின்றார்.

"காத்து சாமியறைப் பக்கம் அடிக்குது அண்ணை. அடுப்பை அங்கால தள்ளுங்கோ."

கொதிக்கிற சட்டியை இறக்கி வைத்துவிட்டு, சுட்ட கற்களைத் தடியால் தள்ளினார்.

அறைக்குள் கோப்பையைக் கொண்டுபோனதும் சிவயோகம் சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம் ஐயா. மணக்குது."

"ஒரு மிடறு பிள்ளை. மிளகு கூடத்தான் போட்டிருக்கிறன்."

"நான் இனியும் இந்த வீட்டில இருக்கவேண்டாமோ?" அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உன்ர மாமியவைதானே குடிக்கச் சொல்லினம்."

"சொல்லுவினம் ஐயா. மறக்கமாட்டினம்."

கோப்பையை இன்னும் கிட்ட நீட்டினார். அவள் திரும்பவில்லை. சிவயோகம் பிறகு பாலும் கஞ்சியுமாக மெல்ல மெல்லத் தேறினாள். ஆனால் அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியாது. ஆழ்வாப்பிள்ளை வெளியே வந்ததும் பர்வதவர்த்தினி எட்டி நின்று கோப்பையைப் பார்த்தார்.

"வேண்டாமெண்டிட்டாளோ? வீணாக்காமல் நீங்கள் சாப்பிடுங்கோ அண்ணை. உங்களுக்குப் பழக்கம்தானே."

ஆழ்வாப்பிள்ளை கோடியில் குந்தியிருந்து, சோறு கேட்காமல், முள்ளை வாழையிலையின் ஓரத்தில் ஒதுக்கி ஒதுக்கி, சட்டி வெறுமையாகும் வரை சாப்பிட்டார்.