ஒரு கிலோ பெட்டிக்கு ஒரு துறைமுகம்

எங்கள் வீட்டில் முட்டாள்தனத்தை அளக்க ஓர் அலகு உண்டு. அதன் பெயர் புரொஜெக்டர். நான் கடைக்குப் போய் பால் வாங்க மறந்து வந்தால் அது கால் புரொஜெக்டர். ஸ்கூட்டர் சாவியை வண்டியிலேயே விட்டு வந்தால் அரை. இந்த அலகைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. அதற்கு மூலப்பொருள் தந்தவன் நான்.

சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் கையளவு புரொஜெக்டர் ஒன்றைப் பார்த்தேன். விலை சிரிப்பு மூட்டும் அளவுக்குக் குறைவு. ஆர்டர் போட்டேன். பிறகு அனுப்பும் செலவு வந்தது, சுங்க வரி வந்தது, எனக்காக அந்த வரியைக் கட்டியதற்குக் கூரியர்காரர்கள் வாங்கும் கூலி வந்தது, ரூபாயை டாலராக்கிய வங்கியின் பங்கும் வந்தது. கடைசியில் புரொஜெக்டர் வந்தபோது கிட்டத்தட்ட இரண்டு புரொஜெக்டரின் விலை ஆகியிருந்தது. அது வேறு நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது என்பதை நான் பிளக்கைச் சொருகிய பிறகு கண்டுபிடித்தேன். சுவரில் கொஞ்ச நேரம் அழகான வெளிச்சம். பிறகு புகை. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதான். என்ன வறுக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டிலிருந்து கேட்டார்கள். இப்போது அது மாடிக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அந்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறது.

இப்படிப்பட்ட என்னிடம்தான் அக்கா ஒரு நாள் வந்து, வெளிநாட்டிலிருந்து ஒரு கருவி வரவழைக்க மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னாள்.

"மைனிக்கு வேற ஆளே கிடைக்கல்லியா?" என்றாள் என் மனைவி.

"குழியில விழுந்தவனுக்குத்தானே குழி எங்க இருக்குன்னு தெரியும்," என்றாள் அக்கா. "இவன் எல்லாக் குழியிலயும் விழுந்து பாத்திருக்கான்."

அக்கா மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. அதற்கும் சேர்த்து நாக்கு வேலை செய்கிறது. அவள் கேட்டது ஒரு பிரெய்ல் கருவி. கம்ப்யூட்டர் விசைப்பலகை மாதிரி ஒரு சின்னப் பெட்டி. திரையில் உள்ள எழுத்து அதன் மேல் புள்ளிகளாக எழும்பும். விரலால் தடவி வாசிக்கலாம். வாசித்ததும் அந்தப் புள்ளிகள் அமுங்கி, அடுத்த வரி எழும்பும்.

இதுவரை அவள் பாடம் நடத்தியது காதால். ஒரு காதில் இயர்போன். குறிப்புகளைப் போன் வாசிக்கும். அவள் ஒரு வரி கேட்பாள், பிறகு அதை வகுப்புக்குச் சொல்வாள், மறுபடி நின்று கேட்பாள். ஒவ்வொரு வரிக்கும் நடுவே சின்ன இடைவெளி. போன வருஷம் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "மிஸ்ஸின்றெ சாட்டிலைட் ஸ்லோவாணு" என்று, டிவி நேரலையில் நிருபர் தாமதித்துப் பேசுவதை நினைத்து மலையாளத்தில் சொல்ல, வகுப்பே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அதை எங்களிடம் சொல்லும்போதும் சிரித்தாள். ஆனால் மூன்றாம் தடவை சொன்னபோது சிரிப்பைக் காணோம். அதற்கு அடுத்த வாரம்தான் இந்தக் கருவியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் அது கைக்கு வர வேண்டும்.

"ஒண்ணேகால் லட்சம். அதுதான் என்கிட்ட உள்ளது," என்றாள். "ஒரு ரூபா கூடினாலும் வேண்டாம். பாக்கிய நீ போடவும் வேண்டாம். போட்டுட்டு ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவ."

கருவியின் விலை மட்டும் தொண்ணூறாயிரம். மிச்சம் எவ்வளவு என்பதுதான் என் பரீட்சை.

நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறேன். எக்செல் என்றால் எனக்கு உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். முதல் தடவை நான் கோட்டைவிட்டவற்றை எல்லாம் முதலில் எழுதினேன்: பொருளின் விலையோடு அனுப்பும் கூலியையும் காப்பீட்டையும் கூட்டி, அந்தத் தொகைக்குத்தான் சுங்க வரி, வரியின் மேல் ஒரு மேல்வரி, எல்லாம் சேர்ந்த மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி. அதாவது, கட்டிய வரிக்கும் வரி கட்ட வேண்டும். இணையத்தில் கணினிச் சாமான்கள், மின்னணுச் சாமான்கள் என்று போட்டிருந்த இடங்களில் கண்ணில் பட்ட பெரிய விகிதத்தைப் பிடித்துக்கொண்டேன். குறைத்துப் போட்டுத்தானே போன தடவை மாட்டினேன்? இந்தத் தடவை கூட்டிப் போட்டு மாட்டினேன். கடைசி வரிசையில், யாரிடமும் சொல்லாமல், 'என் முட்டாள்தனத்துக்கு ஒதுக்கீடு' என்று ஒரு பத்தாயிரத்தையும் சேர்த்தேன். அக்காவுக்கு வாசிக்கும்போது அதை 'இதர செலவு' என்று வாசிப்பதாகத் திட்டம்.

சாயந்திரம் போய் வாசித்தேன். மொத்தம் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்.

அக்கா கடைசி வரிசை வரை கேட்டாள். பிறகு, "நடுவில ஏதோ கன்டெய்னர்னு வாசிச்சியே, அதென்ன?" என்றாள்.

"கன்டெய்னர் இறக்குகூலி. அதுக்கு மேல துறைமுகக் கட்டணம், கீழ லாரி வாடகை."

"எந்தத் துறைமுகம்?"

"விழிஞ்ஞம். பின்ன?"

இதற்கு ஒரு விளக்கம் தர வேண்டும். விழிஞ்ஞத்தில் பெரிய துறைமுகம் வந்த பிறகு எங்கள் ஊர்க்காரர்களுக்கு உலகமே கப்பலில் வருவதாக ஒரு நினைப்பு. நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய், தூரத்தில் நின்று, அந்த நீலக் கிரேன்களைப் பார்த்துவிட்டு, அவற்றை நானே வாங்கிப்போட்டது போலத் திரும்பியவன். வெளிநாட்டுச் சரக்கு என்றதும் என் விரல்கள் தாமாகவே துறைமுகத்தை டைப் செய்துவிட்டன.

"எடே, அந்தப் பெட்டி எத்தன கிலோ?"

"ஒண்ணு."

"ஒரு கிலோ பெட்டிய இறக்க கிரேனா? நீ ஆபீஸ்ல என்ன வேலைடே பாக்க?"

கூரியரில் விமானத்தில் வரும் சாமான். கப்பல், கிரேன், லாரி எல்லாவற்றையும் அழித்தேன். அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் புது மொத்தத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம்.

"செரி. சவத்த விடு," என்றாள். "காது இருக்குல்லா, அது மதி, போதும்." எழுந்து டீ போடப் போனாள். டீ நன்றாகத்தான் இருந்தது. நான்தான் பாதியிலேயே வைத்துவிட்டேன். கிளம்பும்போது, "அந்த வரிப் பட்டியல் லிங்க மட்டும் எனக்கு அனுப்பிடு. தூக்கம் வராதப்ப கேக்கலாம்," என்றாள்.

இரண்டு நாள் கழித்து, ஆபீஸ் பஸ் கழக்கூட்டம் நெரிசலில் நகராமல் கிடந்தபோது போன் வந்தது.

"சாயந்தரம் நேரா இங்க வா. இன்னைக்கு நீ ரெண்டு புரொஜெக்டர்."

போனபோது அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன், எண்ணெயில் கடுகு வெடிக்கிற வேகத்தில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா கேட்கிற வேகம் அது. எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. நான் அனுப்பிய பட்டியல்தான். முழுக்கக் கேட்டு முடித்து, தேவையான இடத்துக்குத் திரும்பப் போயிருந்தாள்.

"உனக்காக ஆமை வேகத்தில வைக்கேன். கேளு."

போன் ஒவ்வொன்றாகச் சொன்னது. மாற்றுத்திறனாளிகளுக்கான சாமான்கள், வரிவிலக்கு. கைத்தடி. பிரெய்ல் எழுதும் கருவிகள். வெப்பமானி. தராசு. கடிகாரம். போய்க்கொண்டே இருந்தது. நடுவில், 'பிரெய்ல் கம்ப்யூட்டர் டெர்மினல்'. அக்கா கேட்ட பெட்டிக்கு அரசாங்கம் வைத்திருந்த பெயர் அது.

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனை நிறுத்தினாள்.

"இந்தப் பக்கத்த நானும் பார்த்தேனே அக்கா," என்றேன்.

"பாத்தேல்லா? அதான் கொழப்பம். கைத்தடி, தராசுன்னு வந்ததும் நமக்கு எதுக்குன்னு விரலால ஒரு தள்ளு தள்ளியிருப்ப. எனக்கு அந்த வசதி இல்லியே. நான் தராசு வரைக்கும் கேட்டாகணும்."

அவள் சொன்னது போலவே தள்ளியிருந்தேன். லேப்டாப்பைத் திறந்து கணக்கைத் திருத்தினேன். சுங்க வரி இல்லை, அது போனதால் அதன் மேல்வரியும் இல்லை, ஜிஎஸ்டி சொற்பம். ஒதுக்கீட்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. இந்தத் தடவை நான் தொகையை நம்பவில்லை. சுங்க வேலை பார்க்கும் ஏஜென்ட் ஒருவரிடம் எழுதிக் கேட்டேன். இது பார்வையற்றவர்களுக்கான கருவி என்று விற்கிறவர் தாளில் தெளிவாக எழுதி அனுப்பினால் விலக்கு கிடைக்கும் என்று பதில் வந்தது. விற்கிறவர் எழுதினார். அக்கா பணம் அனுப்பினாள். நான் மின்சாரம் எத்தனை வோல்ட் என்று கேட்டு எழுதினேன்; அவர் பதில் சொன்ன பிறகும் இன்னொரு தடவை எழுதினேன்.

கூரியர் செய்தி வந்த அன்று அதைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை. மனைவிதான் பிடுங்கி வாசித்தாள். "சுங்க வரின்னு இருக்க இடத்தில பூஜ்யம்." நான் போனை வாங்கி நாலு தடவை வாசித்தேன். ஆபீஸில் சம்பள உயர்வு கிடைத்த அன்றுகூட ஒரு செய்தியை இத்தனை தடவை வாசித்ததில்லை. கிடைத்த உயர்வு அப்படி என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஜூனில் கல்லூரி திறந்த முதல் வாரம், அக்காவை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஆபீஸுக்குப் போகாமல் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஹெல்மெட்டோடு நின்றேன். அக்காவின் காதில் ஒன்றும் இல்லை. இரண்டு கைகளும் பெட்டியின் மேல். ஏதோ ஒரு பழைய ஆவணத்திலிருந்து நீளமாக ஒரு பகுதி வாசித்தாள், எங்கும் நிற்காமல். நிறுத்திய ஓர் இடத்திலும் வேண்டுமென்றேதான் நிறுத்தினாள். வகுப்பு முழுக்க அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தது.

முடிந்ததும் பின்வரிசையிலிருந்து அதே குரல்: "மிஸ், சாட்டிலைட் இப்போ இல்லே?"

"இல்லா மோளே," என்றாள் அக்கா. "கேபிள் எடுத்து." சாட்டிலைட்டை விட்டுவிட்டுக் கேபிள் இணைப்பு வாங்கியாயிற்றாம்.

வகுப்பு சிரித்ததில் நானும் சிரித்துவிட்டேன். சத்தமாக. அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, "அதாணு என்றெ துறைமுகம்," என்று வகுப்புக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தாள்.