அறுந்த கயிறும் என் கையெழுத்தும்

ஐம்பதுகளில் எங்கள் வட்டார மன்றமும் பக்கத்து மன்றங்களும் சேர்ந்து, சிராங்கூன் சாலையிலிருந்த ஒரே கிடங்கு மூலம் சாமான் வாங்கின. வரும் சரக்கைச் சோதிப்பது மன்ற உறுப்பினரான என் பொறுப்பு.

ஒருநாள், கிணறு தூர்வாரும் ஆட்களை இறக்குவதற்காக வந்த புதுக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கையிலேயே அறுந்தது.

"இதுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்," என்றேன்.

"போன மாசம் பாக்காமலே போட்டீங்கல்ல?" என்ற, கயிறு கொண்டுவந்த கான்ட்ராக்டரின் ஆள், மூட்டைக் கொக்கியால் என் தோளைக் கிழித்தான். ரத்தம் கொட்டியது. கழுத்துக்கு ஓங்கியபோது, கிடங்குக் காவலர் காதர் பாய் இரும்புக் கம்பியால் அவன் கையை அடித்து முறித்தார்.

"ஓடுங்க சார், நிக்காதீங்க லா!" என்று பாய் கத்தினார்.

போன மாதம் நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டதாகக் கான்ட்ராக்டரின் ஆள் சொன்னது உண்மை. கட்டுப் போட்ட தோளோடு அன்றே போய், போன மாதக் கயிறுகளைத் தொழிலாளிகளிடமிருந்து திரும்ப வாங்கினேன். அதன்பின், கிணற்றில் இறங்குபவரே இழுத்துப் பார்த்துச் சரியென்று சொல்லாமல் நான் எந்தக் கயிற்றுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.