பட்டுத் துணி கட்டிய காது

எனக்கு வாய் அதிகம் என்று அலுவலகத்தில் பெயர். யார் என்ன கேட்டாலும் வெடுக்கென்று பதில் வரும். அந்த வாய் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வந்த பிறகு, ஒரு நாள் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

போன வருடம் மகள் வேலூரில் கல்லூரியில் சேர்ந்தாள். அவள் அப்பாவுக்கு வேலை ஓசூரில், எப்போதாவதுதான் வருவார். நான் தனியாக இருப்பேனாம், துணைக்கு நாய் வேண்டுமாம். விடுதிக்குப் போகும் முன் ஒரே பிடிவாதம். லாப்ரடார் வாங்கப் போகிறாள் என்று நினைத்துச் சரி என்றேன். அவள் கூட்டிப்போனது வேலூரைத் தாண்டி இருந்த ஒரு நாய்க் காப்பகத்துக்கு.

எல்லாம் குரைத்துத் தள்ளிக்கொண்டிருக்க, மூலையில் செம்மண் நிறத்தில் ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தது. மகள் அதன் எதிரே போய்க் குந்திக்கொண்டாள். அதன் இடது காதின் நுனியை வெட்டியிருந்தார்கள். கருத்தடை செய்த தெருநாய்க்கு அதுதான் அடையாளமாம். பார்த்தால் மறுபடியும் பிடித்துப்போக மாட்டார்களாம்.

"இது வேணாம்டி, வேற பாரு."

"இதுதாம்மா."

நாய் எழுந்து வந்து என்னை முகர்ந்து பார்த்தது. பிறகு என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. எனக்கும் மனசு இளகத்தான் செய்தது. காப்பகத்துப் பெண், "எப்பனா ஒரு நாள் வந்து பாப்போம் மேடம்" என்று சொல்லி அனுப்பினாள்.

வண்டியை விட்டு இறங்கியதுமே எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்விக்கிறவர். தெருவில் அவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

"இன்னாங்க, ஜாதி நாயா?"

"கன்னி ஜாதி நாய்ங்க. தெக்கே இருந்து வரவழைச்சோம்."

"காது இன்னா ஆச்சு?"

"குட்டியா இருக்கச்சே சண்டைங்க."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, பழக்கம்தான். நாங்கள் இந்தத் தெருவில் வீடு வாங்கி வந்தபோது இதே மனிதர் ஊர் எது என்று கேட்டார். பெரணமல்லூர் பக்கம் என்றேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "ஏரிக்கரைப் பக்கங்க" என்றேன். எங்கள் காலனியில் இருந்து பார்த்தால் ஏரிக்கரை தெரியும், அவ்வளவுதான். யாராவது கேட்டால் அப்படியே சொல்லும்படி மகளுக்கும் சொல்லிவைத்தேன்.

அவர் நாயின் காதைக் குனிந்து குனிந்து பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. பட்டுச் சேலையோடு வந்த ரவிக்கைத் துணி ஒன்று தைக்காமல் கிடந்தது. அதைக் கிழித்து, இரண்டு காதும் மறைய முக்காடு மாதிரி கட்டி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டேன். காலையில் வெளியே கூட்டிப்போகும்போது கட்டினால், யார் எப்போது வருவார்களோ என்று படுக்கும்வரை அவிழ்க்க மாட்டேன். பட்டு கட்டின நாய் என்று தெருப் பெண்கள் கொஞ்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மகள் மட்டும் வீடியோவில் பார்த்துவிட்டு, "என்னம்மா இது வேஷம்?" என்றாள்.

"அழகா இருக்குதுடி."

"காது தெரியலையே."

"தெரியலன்னா இப்ப இன்னா?"

முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நாயைப் பார்த்தாள். பிறகு, "இதுவும் ஏரிக்கரைப் பக்கமாம்மா?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

தை மாதத்தில் எதிர்வீட்டுக்காரர் புதிதாக ஒன்றைக் கிளப்பினார். சேவூரில் அவர் மச்சான் ஒரு பெட்டைக் கன்னி வளர்க்கிறாராம், ஜோடி சேர்த்துவிடலாமா என்றார். கருத்தடை செய்த நாயை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? மாசி போகட்டும், பங்குனி பிறக்கட்டும் என்று சம்பந்தம் பேசுகிறவள் போலத் தள்ளிப்போட்டேன். அதற்குள் முடிச்சு பட்ட இடத்திலும் காதோரத்திலும் சிவந்திருந்தது. இரவில் துணியை அவிழ்க்கும்போது பார்த்தேன். மஞ்சள் குழைத்துப் போட்டேன். காலையில் அதன் மேலேயே துணியைக் கட்டினேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் பாவு போட்டிருந்தார்கள். நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை சரிசெய்யும் வேலை. அன்றைக்கு ஆட்டோ உள்ளே வர முடியாது. காப்பகத்துப் பெண் தெருமுனையில் இறங்கி, பாவு பிடித்திருந்த ஒவ்வொருவரிடமும் விசாரித்துக்கொண்டே வந்தாள்.

"காது வெட்டின தெருநாய் ஒண்ணு தத்து எடுத்தாங்களே, அவங்க வூடு எதுங்க?"

வாசலில் நின்றிருந்த என் காதிலும் விழுந்தது. உள்ளே ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் நாய் அவள் குரலைக் கேட்டு வெளியே பாய்ந்து, அவள் மேல் ஏறிக் குழைந்தது. பாவு பிடித்தவர்கள் கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார்கள்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். துணி காதோடு ஒட்டியிருந்தது. மெதுவாக உரித்தபோது நாய் முனகியது. மயிர் உதிர்ந்து, சீழ் வைத்து, நாற்றம் அடித்தது.

"இன்னாத்துக்கு மேடம் கட்னீங்க?"

"குளிருக்கு" என்றேன். பங்குனி வெயில் என் தலையில் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. "நான் கூட்டிகினு போயிடறேன் மேடம். உங்களுக்கும் பேஜாரு வேணாம்" என்றாள். மகளிடம் என்ன சொல்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம், விட்டுவிட்டுப் போ என்று கெஞ்சக்கூட வாய் வரவில்லை.

எதிர்வீட்டுக்காரர்தான் வந்தார். "நல்லாத்தான் பாத்துகினு இருக்காங்கம்மா. தெரியாம கட்டிட்டாங்க. மருந்து குடு, போட்டுடுவாங்க" என்றார். அவள் யோசித்தாள். களிம்பைக் கொடுத்து, இனி துணியே படக்கூடாது, ஆறவில்லை என்றால் அடுத்த முறை கேட்காமல் கூட்டிப்போவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் அவர் என் பக்கம் குனிந்து, "காது வெட்டு அன்னிக்கே தெரியுங்க. முனிசிபாலிட்டிக்காரன் வெட்டி உட்ட நாய்ங்க தெருவுல எவ்ளோ திரியுது. நீங்க சொன்னீங்க, கேட்டுக்கினேன்" என்று சிரித்தார்.

அப்படியானால் சேவூர்ப் பெட்டை வெறும் கிண்டல். அப்படியானால் ஏரிக்கரையும் தெரியும். இத்தனை வருடமும் தெரிந்துகொண்டேதான் தலையாட்டியிருக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டவருக்கு வெட்கமில்லை, பொய் சொன்ன நான்தான் கூசிப்போய் நின்றேன். என்னை நான் மறைத்துக்கொண்டது என் தலையெழுத்து என்று வைத்துக்கொண்டாலும், வாயில்லாத அதன் காதை அழுக வைத்ததற்கு என்ன சொல்வது?

களிம்பு போட்டுப் புண் ஆறியது. மயிர்கூட லேசாக முளைத்தது. அதுவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த நாயை ஒரு நாள் காலையில் சங்கிலி போட்டு வெளியே கூட்டிப்போனேன். காது திறந்திருந்தது. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று கேட்டைத் திறந்தேன்.

நாய் வாசற்படியில் நின்றுவிட்டது. சங்கிலியை இழுத்தேன். வரவில்லை. தலையைத் தாழ்த்தி, கண்ணை மூடி, காதை என் கையருகே கொண்டுவந்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. துணி கட்டாமல் அந்தப் படியைத் தாண்டக் கூடாது என்று அதற்கும் நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.