பத்தொன்பதாவது மீட்டர்

தூக்கக் கலக்கத்தில் எதையோ கண்டு உளறுகிறான் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். முந்தின இரவு எட்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கி எழுந்தவன் நான். நடந்தது பட்டப்பகலில். நிமிஷக் கணக்கு வரை குறித்து வைத்திருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருட்டே இல்லை.

புதிதாக வரும் வயர்லெஸ் ஹெட்செட்களைச் சோதித்து, ஒரு பத்திரிகையில் மதிப்பெண் போடுவது என் வேலை. பாட்டுக் கேட்பதற்கு அல்ல, போனில் பேசுவதற்கு எது உருப்படி என்று பார்ப்பேன். எங்கள் அலுவலகம் அப்போதுதான் ஒரு புதுக் கட்டடத்தின் நான்காவது மாடிக்கு மாறியிருந்தது. பாதி அறைகளுக்குக் கதவு இல்லை. லிஃப்டும் இன்னும் வரவில்லை. நடைவழியின் கோடியில் லிஃப்டுக்காக விட்டிருந்த குழியை ஒரு பெரிய ப்ளைவுட் பலகை வைத்து மறைத்திருந்தார்கள்.

அன்று ஞாயிறு. ஆள் இல்லாத நாளில்தான் தூரச் சோதனை செய்வேன். போனை மேஜையில் வைத்துவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடப்பேன். திரும்பி நடந்தால் நம் உடம்பே சிக்னலை மறைத்துவிடும். தரையில் மீட்டருக்கு ஒரு மஞ்சள் டேப். கடைசி டேப் பத்தொன்பது. அதைத் தாண்டினால் முதுகு பலகையில் இடிக்கும், அங்கே நின்றுவிடலாம் என்பது என் கணக்கு.

ஒவ்வொரு டேப்பிலும் கையிலிருக்கும் தாளைப் பார்த்து ஓர் எண்ணைப் படிப்பேன். மறுமுனையில் என் அக்கா. அவளிடம் அந்தத் தாள் கிடையாது. காதில் விழுந்த எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு, 'கேக்குது' என்றோ 'உடையுது' என்றோ சொல்லுவாள். அக்கா தையல்காரி. போனில் பேசும்போதும் மெஷினை நிறுத்த மாட்டாள். அந்த டக டக இல்லாமல் அவள் குரலை நான் போனில் கேட்டதே இல்லை.

மூன்று மணிக்குத் தொடங்கினோம்.

"நாப்பத்தேழு."

"நாப்பத்தேழு. கேக்குது. சீக்கிரம் முடிடா, சாயந்தரம் ரெண்டு சட்டை குடுக்கணும்."

"எண்ணை மட்டும் சொல்லுக்கா."

ஹெட்செட் பெட்டியில் முப்பது மீட்டர் வரை கேட்கும் என்று போட்டிருந்தது. போடுவதற்குக் காசா பணமா? பத்தாவது டேப்பில் குரல் கரகரத்தது. பதினொன்றில் உடைந்தது. பன்னிரண்டில் சுத்தமாக மௌனம். கடிகாரத்தைப் பார்த்தேன். 3:12. இவ்வளவுதான் இதன் லட்சணம் என்று தாளில் எழுதப் போனேன்.

"கேக்குது," என்றாள் அக்கா. "இன்னும் தள்ளிப் போ."

குரல் பளிச்சென்று இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு பெட்டியாவது உண்மை பேசுகிறதே என்று நினைத்தேன்.

பதின்மூன்று. பதினான்கு. பதினைந்து. விலகிப் போகப் போகக் குரல் இன்னும் நெருங்கி வந்தது. அப்படி நடக்கக் கூடாது. எட்டு வருஷத்தில் ஒரு ஹெட்செட்டும் அப்படிச் செய்ததில்லை.

பதினாறில்தான் எனக்கு உறைத்தது. மெஷின் சத்தம் இல்லை...

"மெஷினை நிறுத்திட்டியாக்கா?"

"கேக்குது. தள்ளிப் போ."

பிடரியில் சில்லென்று காற்று பட்டது. ஜன்னல்களை நான்தான் சாத்தியிருந்தேன்.

பதினெட்டு. தாளைப் பார்த்தேன். இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"அறுபத்தொண்ணு," என்றாள். "கேக்குது."

தாளில் அடுத்த எண் அறுபத்தொன்று.

நின்றுவிடத்தான் நினைத்தேன். ஆனாலும் கால் பின்னால் போனது... யார் சொல்லிப் போனது என்று தெரியாது.

பத்தொன்பது.

அப்போது... நடைவழியின் மறுகோடியில்... மேஜை மேல்...

என் போன் மணி அடித்தது.

நான் பேசிக்கொண்டிருந்த அதே போன்.

"எடுக்காதே," என்றது காதில் அக்காவின் குரல். "இன்னும் ஒரே ஒரு அடி."

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு முன்னால் ஓடினேன்.

மணி 3:18. திரையில் அக்காவின் எண். எடுத்தேன். பின்னால் டக டக டக.

"என்னடா, பன்னெண்டுலயே கட் ஆயிடுச்சு. நீயா கூப்பிடுவேன்னு பாத்தா ஆளையே காணோம். இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பப் போய்ப் பார்த்தேன். பலகை குழியை மறைக்கவில்லை. ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றது. காலையில் டேப் ஒட்டும்போது அது அதன் இடத்தில்தான் இருந்தது. பத்தொன்பதாவது டேப்புக்கும் குழிக்கும் நடுவே ஒரு சாண். நான்கு மாடிக்குக் கீழே துருப்பிடித்த கம்பிகள். அன்று முழுக்க யாரையும் மேலே விடவில்லை என்று காவலாளி சத்தியம் செய்தார். எறிந்த ஹெட்செட் கிடைக்கவே இல்லை.

மறுநாள் அவரே என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன்பு, லிஃப்டுக்கு அளவெடுக்க வந்த ஒருவர் அளவு நாடாவைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து அந்தக் குழியில் விழுந்தாராம்.

"ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில உயிரோட இருந்தாருங்க. கூட வேலை பாக்குற என் தம்பிதான் இன்னும் தள்ளிப் போ, தள்ளிப் போன்னு சொன்னான், அவனை நம்பித்தான் போனேன்னு புலம்பிட்டே இருந்தாரு."

"தம்பியை விசாரிக்கலையா?"

"தம்பி அன்னிக்கு வேலைக்கே வரலைங்க. வெளியூர்ல இருந்தான். நாடாவோட அந்த முனையை இவரே ஜன்னல் கம்பியில கட்டிட்டுத்தான் நடந்திருக்காரு."

அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவள் போன் செய்தால், முதலில் மெஷின் சத்தம் வருகிறதா என்றுதான் காது போகிறது. நேற்று சாயங்காலம் 5:40க்குக் கூப்பிட்டாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மெஷின் ரிப்பேர் என்றாள். குரல் சரியாகக் கேட்கவில்லை, கொஞ்சம் வெளியே வந்து பேசு என்றாள்.

நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.