நூற்றெழுபத்தாறு தொங்கல்கள்

மார்கிறட்டுக்கு அந்த ஆவணி மாதம் முழுவதும் தலையிடிதான். கிழிந்த வலை பொத்திச் சீவிக்கிற பெண், ஐம்பது வயது, தனியாள். முல்லைத்தீவுக் கரையில் இருந்த காலத்தில் கத்தோலிக்கக் கோவிலைக் கூட்டித் துடைத்துப் பூ வைத்தவள் என்பதற்காக, தண்ணீரூற்றில் இடம்பெயர்ந்து இருந்த ஏழு வருடமும் கோவில் சாமான்கள் அவளுடைய கொட்டிலுக்குள்தான் கிடந்தன.

அவற்றில் மோசமானது ஒரு அரிசிச் சாக்கு. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து ஓடி வரும்போது, இரண்டு கரையூர்க் கோவில்களின் சரவிளக்குகளையும் ஒரே உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள். அதன் இழுவைப் பெட்டி மதகடியில் சரிந்தது. கொட்டுண்டு உடையாமல் மிஞ்சிய கண்ணாடித் தொங்கல்களை எல்லாரும் சேர்ந்து பொறுக்கி ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்கள். பித்தளைச் சட்டங்கள் மட்டும் தனித்தனியாகத் தப்பின.

இப்போது தொண்ணூற்றேழு. கரைக்குத் திரும்பலாம் என்றாகி, பக்கத்து ஊர்க்காரர் முதலில் புறப்பட்டார்கள். அவர்களுக்காகப் பள்ளிக்கூடத்து ஜெயரூபினி ரீச்சர் சைக்கிளில் வந்து நின்றாள்.

"மார்கிறட் அக்கா, எங்கட விளக்கைத் தருவியளோ? கொடியேற்றத்துக்கு முதல் கொழுவ வேணும்."

"தாறன் பிள்ளை. ஆனால் எது உங்கட, எது எங்கட எண்டு ஆர் சொல்லுறது?"

"எங்கட பளிங்கு எண்டுதான் எங்கட வீட்டு அப்பு சொல்லுறவர்."

இது மார்கிறட்டின் தமையன் இராயப்புவின் காதில் விழுந்ததுதான் வினை. கோவில் சபைத் தலைவர் அவர். "பளிங்கு எங்கட! கப்பலில வந்த சாமான். அவையின்ரை வெறும் கண்ணாடி," என்று சந்தியில் நின்று சொன்னார். அடுத்த நாளே கொட்டில் வாசலில் கூட்டம்.

மார்கிறட் தொங்கல்களைக் கழுவத் தொடங்கியிருந்தாள். சவர்க்காரம் வாங்கக் கிடைக்காத காலம். பனம்பழத்தைக் கரைத்துக் கழுவினாள். அழுக்குப் போனது, எறும்பு வந்தது. திரும்பவும் வெறுந்தண்ணீரில் அலசினாள். மொத்தம் நூற்றெழுபத்தாறு. எல்லாம் வாதுமைக் கொட்டை வடிவம், பார்வைக்கு ஒன்றுபோலவே.

வந்தவர்கள் எல்லாரும் நிபுணர்கள். ஒருவர் பல்லால் கடித்துப் பார்த்தார். இன்னொருவர் கத்தியால் கீறினார். "பளிங்கெண்டால் சுடுதண்ணியில வெடிக்காது," என்று ஒரு கிழவர் சொல்ல, மார்கிறட் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலுக்குள் யாரோ இரண்டைப் போட்டுவிட்டார்கள். இரண்டும் வெடித்தன.

"போதும்! எழும்புங்கோ எல்லாரும்! கேத்தலும் போச்சு, தொங்கலும் போச்சு. உங்கட கெட்டித்தனத்தை உங்கட வீட்டில காட்டுங்கோ!"

வாசல் படலையைக் கட்டிவிட்டு வந்து தனியே குந்தினாள். முதலில் வெயில். வெள்ளைச் சீலையை விரித்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். சில சீலையில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கொட்டின. சில வெளிறிய ஒரு கீற்றோடு நின்றன. ஆனால் நடுவில் ஒரு முப்பது அவளைக் குழப்பின. முகில் வேறு வந்து வந்து மறைத்தது. பிறகு நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டினாள். சில 'டிக்' என்று செத்தன. சில 'ணீ...' என்று இழுத்து, கை எடுத்த பிறகும் பாடின. மீன் நிறுக்கும் தராசில் பத்துக்குப் பத்து வைத்தாள். பாடியவைதான் பாரம்.

கடைசியில் விரல் சொன்னதைத்தான் நம்பினாள். முப்பது வருடம் வலைக்கண்ணைத் தடவிய விரல். பாடியவற்றின் விளிம்பு வெட்டிய விளிம்பு, தோலில் கொளுவியது. மற்றவற்றின் விளிம்பு அச்சில் வார்த்த மழுங்கல். பக்கத்தில் மெல்லிய ஒரு பொருத்து, உள்ளே ஊசிமுனை அளவில் குமிழிகள். குழப்பிய முப்பதும் விரலுக்குக் குழப்பவில்லை.

மூன்று நாளில் முடிந்தது. பளிங்கு எழுபது. கண்ணாடி நூற்றுநான்கு.

பிறகு சட்டங்களில் கொளுக்கிகளை எண்ணினாள். பக்கத்து ஊர்ச் சட்டத்தில் எழுபத்திரண்டு. தங்கள் சட்டத்தில் நூற்றுப்பத்து. திரும்ப எண்ணினாள். அதேதான். நூற்றுநான்கு கண்ணாடி எழுபத்திரண்டு கொளுக்கியில் அடங்காது; பளிங்கு பக்கத்து ஊருடையதுதான். சின்ன வயதிலிருந்து தானும் "எங்கட பளிங்கு விளக்கு" என்றுதான் சொல்லி வந்தாள்.

இராயப்பு அன்று பின்னேரம் வந்து சட்டங்களைப் பார்த்தார். எண்ணினார். குரலைத் தாழ்த்தினார்.

"பளிங்கில ஒரு இருபதை இஞ்சால போடு. அவைக்குக் கண்ணாடியில இருபது குடு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் அண்ணை."

"ஊரின்ரை மானம்..."

"ஊரின்ரை மானம் இந்தக் கண்ணாடித் துண்டிலையே கிடக்குது? கடல் போச்சு, வீடு போச்சு, அப்ப போகாத மானம்! மூண்டு நாளாக் குனிஞ்சு குனிஞ்சு என்ரை நாரி முறிஞ்சு போச்சு. ஒண்டையும் தொடாதேங்கோ!"

அவர் எழும்பிப் போனார். அடுத்த நாள் ஜெயரூபினி வந்தபோது மார்கிறட் அவர்களுடைய சட்டத்தோடு எழுபதையும் வலைத்துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

"உங்கட பளிங்குதான் பிள்ளை. எங்கட கண்ணாடி. அப்புட்டைச் சொல்லு."

ரீச்சர் அவளைப் பார்த்தாள். பிறகு அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

ஊர் அவளோடு கதைப்பதை விட்டது. பொத்த வரும் வலைகள் குறைந்தன. இராயப்பு முகம் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் அவர்களும் கரைக்குத் திரும்பினார்கள். கூரை போன கோவிலுக்குத் தென்னங்கிடுகு வேய்ந்து பெருநாளுக்கு ஆயத்தமானார்கள். விளக்கைக் கொழுவ அவளை யாரும் கூப்பிடவில்லை. பெருநாளுக்கு முதல்நாள் காலை பூவோடு போனவள் நிமிர்ந்து பார்த்தாள். இராயப்பு ஏணியில் நின்று கொழுவிக்கொண்டிருந்தார். பெரியது மேலே, சின்னது கீழே, ஒரு பக்கம் பொள்ளல், ஒரு பக்கம் குலைகுலையாக.

"என்ன வேலை இது? கண் தெரியேல்லையே உங்களுக்கு? இறக்குங்கோ! எல்லாத்தையும் இறக்குங்கோ!"

இராயப்பு கையிலிருந்த தொங்கலையும் கொழுவினார். அவள் பூவை மர வாங்கில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏணியடிக்கு வந்தாள். சற்று நேரம் கழித்து அவர் இறங்கினார். அவள் ஏறி எல்லாவற்றையும் கழற்றி இறக்கி, முதலிலிருந்து கொழுவத் தொடங்கினாள். அவர் கீழே நின்று தொங்கல்களைத் துடைத்துத் துடைத்து நீட்டினார். நாற்பதாவதை நீட்டாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"இது எங்க?" என்று கேட்டார்.

"நடு வரிசை. முதல் அந்த எறும்பைத் தட்டிப்போட்டுத் தாங்கோ."