மெஷினின் கண்ணில் வைத்த பொட்டு

பிள்ளைகளே, காஸ் சிலிண்டரை அப்பா ஏன் இரண்டு தரம் பார்க்கிறார் என்று சிரிக்கிறீர்கள். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கொட்டாஞ்சேனையில் காட்போட் பெட்டி செய்யும் இடமொன்றில் நான் பாதுகாப்பு முகாமையாளர். பெயர்தான் பெரிது. ஒருவருடைய விரலும் போகாமல் பார்ப்பதே வேலை.

அங்கே மட்டை வெட்டும் மெஷினுக்கு ஒரு கண் உண்டு. கத்திக்குக் கீழே கை போனால் அது கண்டு மெஷினை நிறுத்திவிடும். கொஞ்சக் காலமாக, கை போகாமலே மெஷின் நின்றது. அதுவும் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும். மத்தியானம் தானாகச் சரியாகிவிடும்.

மெஷின்காரர்தான் வேண்டுமென்று செய்கிறார் என்றார் முதலாளி. முதலாளி வெள்ளவத்தையிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து மனிதர். பெட்டி ஓடர் பிந்தினால் பொறுக்க மாட்டார்.

"வாற கிழமையோட அவனை நிப்பாட்டுவம். அந்தக் கண்ணையும் கழட்டிப்போடும், தம்பி."

எனக்கும் மெஷின்காரர் மேல் ஒரு கண். ஒரு வெள்ளி மத்தியானம் அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து சட்டைக் கையால் எதையோ துடைத்தார். என்னைக் கண்டதும் இருமினார். அந்த இருமல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் கண்ணைக் கழற்றினால் யாருடையதோ விரல் போகும். அடுத்த வெள்ளி காலையில் வேளைக்கே போய் மட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றேன். முதலாளி வந்து சுவாமிப் படத்துக்குக் கற்பூரம் காட்டினார். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு மெஷின் மெஷினாகப் போனார். வெட்டும் மெஷினில் கண்ணாக இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி வட்டத்தைத் தேடி, பக்தியாக அதன் நடுவில் ஒரு பொட்டு வைத்தார்.

மெஷின்காரரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சேர், நான் வேதக்காரன். மொதலாளி வச்ச பொட்ட நான் அழிச்சேன்னு தெரிஞ்சா, நாளைக்கு எது ஒடஞ்சாலும் என் தலையிலதான். அதான் அவரு சாப்பிடப் போனதும் தொடச்சி விடுறது."

அப்போதும் நான் முழுக்க நம்பவில்லை. சட்டைப்பையில் இருந்த கைலேஞ்சியால் பொட்டைத் துடைத்து மெஷினைப் போடச் சொன்னேன். நிற்காமல் ஓடியது. ஒரு மட்டைத் துண்டைக் கத்திக்குக் கீழே நீட்டினேன். உடனே நின்றது. முதலாளியைக் கூட்டிவந்து கைலேஞ்சியில் இருந்த சந்தனத்தைக் காட்டினேன்.

"ஐயா, உங்கட மூக்குக்கண்ணாடியில பொட்டு வைச்சா உங்களுக்குப் பாதை தெரியுமோ?"

அவர் சிரிக்கவில்லை. மெஷின்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் மத்தியானத்தில ஆர் துடைச்சது?"

"நான்தான்," என்றேன்.

அன்று துடைத்தது நான்தான். அந்த அளவில் அது பொய்யில்லை. முதலாளி, இனிப் பொட்டை மெஷினின் மேல் தகட்டில் வைக்கிறேன் என்றார். ஆளை நிறுத்தும் கதையை அவர் மறுபடி எடுக்கவில்லை.

எனக்குப் பின்னால் மெஷின்காரர் இருமினார்.