மாப்பிள்ளையின் புதுக் கிடார்

திருத்தணியில் விசைத்தறி ஓட்டுகிறவர்களில் கிடார் வாசிக்கிறவன் தணிகைவேல் ஒருவன்தான். பகலெல்லாம் லுங்கித் தறிகளின் தடதடப்புக்கு நடுவே நிற்பான். திருவிழாக் காலம் வந்துவிட்டால் விஷ்ணுவின் இன்னிசைக் குழுவோடு மேடையேறுவான். இருபத்திரண்டு வருடமாக மேடையில் அவனுக்கு ஒரே இடம்: முன்வரிசையில், பாடுகிறவருக்கு வலது பக்கம். அந்த இரண்டடி இடத்தை யாரும் அவன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை. இருந்தாலும் வீட்டுப் பட்டாவைவிட அதன்மேல்தான் அவனுக்கு உரிமை அதிகம்.

அவனுடைய சிவப்புக் கிடார் அரக்கோணம் ரயில்வே குடியிருப்பிலிருந்து வந்தது. அங்கே இருந்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போனார். மனிதர் ஆறடி உயரம், கையும் முறம் மாதிரி. கிடாரின் கழுத்தும் அவருக்கேற்ற தடிமன். தணிகைவேலுக்கோ சின்னக் கை. சுண்டுவிரல் எட்டாத இடங்களுக்கெல்லாம் மணிக்கட்டை ஒடித்து, தோளைச் சாய்த்து, ஏதேதோ குறுக்குவழி கண்டுபிடித்து வாசித்தான். கீழே நின்று பார்த்தவர்கள் அதை ஸ்டைல் என்றார்கள். நாளடைவில் அவனும் அதை ஸ்டைல் என்றே நம்பத் தொடங்கிவிட்டான்.

பின்வரிசையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று துணைக் கிடார் வாசிப்பவன் ராஜீவ். தணிகைவேலின் தங்கை ஷோபனாவின் புருஷன். பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனைக் குழுவில் சேர்த்துவிட்டதே தணிகைவேல்தான். மாப்பிள்ளை பின்னால் நின்று வாசித்த வரைக்கும் அவன்மேல் பிரியத்துக்குக் குறைச்சலே இல்லை. இப்படியொரு தங்கமான மாப்பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று தறிக்கூடத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

தை மாதத்தில் ஒருநாள் ராஜீவ் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு மச்சான் முன்னால் வந்து நின்றான்.

"பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட கிடார் செய்யச் சொல்லிக்கீறேன் பாவா. கை அளவு கேக்கறாரு. கொஞ்சம் அளந்து சொல்லுங்க."

தணிகைவேல் டேப்பை வைத்து அளந்தான். உள்ளங்கையின் அகலம், ஒவ்வொரு விரலின் நீளம், கையை விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் உள்ள தூரம். சட்டைக்கு அளவெடுப்பார்கள், தெரியும். விரலுக்கு அளவெடுத்து ஒரு வாத்தியம் செய்வார்கள் என்பது அவன் காதில் விழுந்ததே இல்லை. தன் கைக்கு ஒரு கிடார் அமையாமல், ஒரு கிடாருக்குத் தன் கையை வளைத்துக் கொடுத்தே வயசு நாற்பத்தைந்து ஆகிவிட்டது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. போதாததற்கு, இருவர் கையும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது பெட்டி வந்து சேர்ந்தது. ராஜீவ் வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிரித்தார்கள். உள்ளே பாலாடை நிறத்தில், தூசு படாமல் மினுமினுத்துக்கொண்டு கிடந்தது அது. "அய்யே, கொழந்த மாதிரி கீது!" என்று ஷோபனா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அந்த அமர்க்களத்தில் பெட்டியிலிருந்து ஒரு சின்ன அட்டை நழுவி விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. தணிகைவேல் எடுத்துப் படித்தான். செய்தவர் இங்கிலீஷில் எழுதியிருந்தார்: மேல்பூச்சு இன்னும் முழுதாக இறுகவில்லை, முப்பது நாளைக்கு ஈரமோ எண்ணெயோ சாயமோ படாமல் பார்த்துக்கொள்ளவும்.

சொல்லலாம் என்று வாயெடுத்தான். அதற்குள் ராஜீவ் கிடாரை அவன் மடியில் வைத்துவிட்டான்.

"மொதல்ல நீங்க வாசிங்க பாவா."

வாசித்தான். சுண்டுவிரல் போய் எட்டாத இடத்தில் உட்கார்ந்தது. மணிக்கட்டு வளையவில்லை, தோள் சாயவில்லை. இருபத்திரண்டு வருடமாக மல்லுக்கட்டிய ஒரு திருப்பம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இது என் மடியில் இருக்க வேண்டியது, இவனுக்கு எதற்கு என்று நினைத்தான். பொறாமையா என்றால் பொறாமைதான், வேறு பேர் வைத்து மழுப்ப வேண்டியதில்லை.

"இன்னொண்ணு பாவா," என்றான் ராஜீவ் தரையைப் பார்த்துக்கொண்டு. "கிருத்திகைக் கச்சேரியில புதுக் கிடார் முன்னாடி நின்னா நல்லா இருக்கும்னு விஷ்ணு சொல்றாரு. நீங்க இன்னா சொல்றீங்க?"

"அதுக்கின்னா மாப்ள, நல்லதுதான," என்றான் தணிகைவேல். அட்டையை மடித்துப் பர்ஸில், முருகர் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டான்.

"நாளைக்கே மலைக்கு எட்த்துகினு போயி பூஜ போட்டுடலாம்ணா. நீயும் வரணும்," என்றாள் ஷோபனா. இந்த ஊரில் புது வண்டி வாங்கினால் முதலில் மலைக்குத்தான் போகும். கிடார் மட்டும் என்ன, சும்மாவா? தணிகைவேல் "ஆங், வரேன்" என்றான்.

மறுநாள் மலைமேல் வண்டிகளுக்குப் பூஜை போடும் இடத்தில், ஒரு ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் நடுவில், கிடாரை நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். குருக்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"சக்கரமே காணோமே, எலுமிச்சம்பழத்த எதுக்கு அடியில வெக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். தணிகைவேலும் சிரித்தான். குருக்கள் சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அட்டை பர்ஸுக்குள்ளேயே இருந்தது. "சாமி, மேல படவேணாம், பெட்டிக்கு வைங்க" என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டான். குருக்கள் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, நடுவில் தாராளமாகக் குங்குமத்தை அப்பினார்.

அதை இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தார்கள். மூன்றாம் நாள் துணியால் துடைத்தபோது சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. பழைய எட்டணா அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு பூச்சுக்குள்ளேயே ஊறிப்போயிருந்தது. ராஜீவ் தேய்க்கத் தேய்க்க அது பெரிதாயிற்று. கடைசியில் துணியை எறிந்துவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வேளையாகச் சோறு இறங்கவில்லை என்று ஷோபனா அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"யாரு கண்ணோ பட்டுக்கீதுணா. பெரியவங்க கையால சுத்திப் போடணும். நீதான வீட்டுக்குப் பெரியவன், வந்து சுத்திப் போடு."

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போனான். வாசலில் கொட்டாங்குச்சி கனன்றுகொண்டிருந்தது. ஷோபனா உப்பையும் காய்ந்த மிளகாயையும் அவன் கையில் வைத்தாள். ராஜீவ் கிடாரை அணைத்துக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தான். தணிகைவேல் மூன்று சுற்று இடமாக, மூன்று சுற்று வலமாகச் சுற்றினான்.

"சொல்லுணா," என்றாள் தங்கை.

"ஊர்க் கண்ணு, தெருக் கண்ணு..." என்று ஆரம்பித்தான். உறவுக் கண்ணு என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதை மென்று முழுங்கிவிட்டுக் கையிலிருந்ததை நெருப்பில் போட்டான். உப்பு படபடவென்று வெடித்தது.

மிளகாய் கருகினால் நெடி ஏறும், தும்மலும் இருமலுமாகத் தெருவே ஓடும். கண் பட்டிருந்தால் மட்டும் நெடியே வராது. அதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூவரும் காத்திருந்தார்கள். மிளகாய் ஒவ்வொன்றாகக் கருகிச் சுருண்டது. புகை நேராக மேலே போனது. நெடி வரவில்லை.

"பாத்தியா, துளி நெடி இல்ல," என்று ஷோபனா குரலைத் தாழ்த்தினாள். "எவ்ளோ பெரிய கண்ணு பட்டுக்கீது!"

புகை தன்னைக் காட்டிக் கொடுக்கிறது என்றே தணிகைவேல் நம்பினான். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் தொண்டையைச் செருமி, பலமாக இரண்டு தரம் இருமினான். மூன்றாவது தரம் இருமியபோதுதான் தன்னைத் தவிர யாரும் இருமவில்லை என்று தெரிந்தது.

ஷோபனா அவனையே பார்த்தாள். அண்ணன் பொய் சொன்னால் எப்படி இருப்பான் என்று பாவாடை கட்டின காலத்திலிருந்து பார்த்தவள் அவள்.

"உனுக்கு மட்டும் எப்டிணா இருமல் வந்துது?"

அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. பர்ஸைத் திறந்து, முருகர் படத்துக்குப் பின்னாலிருந்து அந்த அட்டையை எடுத்து ராஜீவ் கையில் கொடுத்தான். ராஜீவ் நெருப்பு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தான். திருப்பி ஒரு தடவை படித்தான்.

"இது எப்ப உங்க கைக்கு வந்துது பாவா?"

"பெட்டி பிரிச்ச அன்னிக்கே."

"மலைக்குப் போகும்போது வெச்சிகினு இருந்தீங்களா?"

"ஆங்."

திட்டியிருந்தால் தேவலை. ராஜீவ் அட்டையைக் கிடார்ப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தான். பிறகு கிடாரைத் திட்டு தெரியாதபடி மார்போடு திருப்பிக்கொண்டு எழுந்தான்.

"கிருத்திகைக்கு எப்பவும் போல முன்னாடி நீங்களே நில்லுங்க பாவா. நான் உங்க பின்னாடி நின்னுக்கறேன். அப்பதான் உங்க கண்ணு என் மேல படாது."

ஆடிக் கிருத்திகை அன்றைக்குத் தணிகைவேல் அதே இரண்டடி இடத்தில்தான் நின்றான். பின்னாலிருந்து புதுக் கிடாரின் நாதம் பிசிறில்லாமல் வந்துகொண்டே இருந்தது. கச்சேரி முடிகிற வரைக்கும் அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.